ஒரு சட்டி, இரண்டு பரிமாறல்: பலேர்மோவின் இரவுச் சாப்பாடு

இத்தாலிக்குப் போய் வந்தேன் என்றதும் அயலட்டையில் எல்லோரும் என்னிடம் கேட்ட கேள்விகள் இரண்டு. "ரோமாபுரி பார்த்தீங்களோ, சாய்ந்த கோபுரம் பார்த்தீங்களோ?" என்பது ஒன்று. "அங்க கோழி போட்டு ஒரு பாஸ்தா செய்வினமாமே, அது எப்படி?" என்பது மற்றது. முதல் கேள்விக்கு என்னிடம் பெரிய பதில் ஒன்றும் இல்லை. ரோமில் நான் பார்த்தது விமானம் மாறிய இடத்தை மட்டும்தான். இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் நாங்கள் நினைக்கிற கோழி பாஸ்தா இத்தாலிய வீடுகளில் இல்லை. அங்கே இருப்பது வேறு ஒன்று. அது சுலபம், மலிவு, அதைவிட அதில் ஒரு நல்ல குணமும் இருக்கிறது. அதைத்தான் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பலேர்மோ என்னும் ஊர்

இத்தாலியின் வரைபடத்தைப் பார்த்தால் ஒரு காலணி போல இருக்கும். அந்தக் காலணியின் நுனிக்கு முன்னால் கிடக்கும் தீவு சிசிலி. அதன் தலைநகரம் பலேர்மோ. என் தங்கச்சி குடும்பம் அங்கேதான் இருக்கிறது. 1980களில் தொடங்கி எங்கட ஆட்கள் கனபேர் போய்ச் சேர்ந்த ஊர் அது. 2023 ஆகஸ்டில் மூன்று மாத விசாவில் நானும் போனேன்.

சிசிலி என்றால் கொள்ளைக் கூட்டத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆனால் விமானத்தால் இறங்கியதும் நான் முதலில் வாசித்தது இரண்டு நீதிபதிகளின் பெயரை. அந்தக் கூட்டத்தை எதிர்த்து வழக்காடி 1992இல் குண்டுவைத்துக் கொல்லப்பட்ட ஃபல்கோனே, போர்செல்லினோ இருவரின் பெயரைத்தான் விமான நிலையத்துக்கு வைத்திருக்கிறார்கள். ஊரைப் பற்றி எனக்கு ஒரு மரியாதை அந்த இடத்திலேயே வந்துவிட்டது.

நகரத்துக்கு வடக்கே கடலோரமாக பெல்லெகிரீனோ என்ற மலை. உயரம் 600 மீற்றருக்குக் கொஞ்சம் மேலே. அதில் ஒரு குகைக்குள் புனித ரொசாலியாவின் கோயில். 1624இல் ஊரைக் கொள்ளைநோய் பிடித்தபோது நகரத்தைக் காப்பாற்றியவள் என்று அவளை நம்புகிறார்கள். செப்டம்பர் 4ஆம் திகதி அவளுடைய நாள். முதல்நாள் இரவே சனம் நடந்து ஏறும். எங்கட ஆட்களும் ஏறுகிறார்கள், சைவம் வேதம் என்ற பேதமில்லை. நேர்த்தி வைத்து வெறுங்காலோடு ஏறும் பெண்களைக் கண்டபோது நல்லூரில் நிற்பது போல இருந்தது எனக்கு.

சொற்களும் அந்நியமில்லை. நாங்கள் குசினி என்கிறோம், அவர்கள் கூச்சீனா என்கிறார்கள். எங்கட பாண் அங்கே பானே. எங்கட வாங்கு அங்கே பாங்கோ. இதெல்லாம் போர்த்துக்கேயர் எங்களிடம் விட்டுப்போன சொற்கள். போர்த்துக்கேயமும் இத்தாலியமும் இலத்தீன் பெற்ற பிள்ளைகள்தானே! ஒரு வாரத்திலேயே கடைக்குப் போய்ப் பாண் வாங்கும் அளவுக்குத் துணிவு வந்துவிட்டது.

சந்தையில் கண்டவை

தங்கச்சியின் வீடு பல்லாரோ சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கையில், மூன்றாம் மாடியில். காலையில் கோழி கூவுவதற்குப் பதிலாக வியாபாரிகள் கூவுகிறார்கள். அது வெறும் சத்தமில்லை, இராகம் போட்டு இழுத்துப் பாடும் கூவல். தக்காளிக்கு ஒரு இழுவை, மீனுக்கு ஒரு இழுவை.

அந்தச் சந்தையில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு மீற்றருக்கும் மேல் நீளமான சுரைக்காய். குகுட்ஸா என்கிறார்கள். காயை மட்டுமில்லை, அதன் கொழுந்தையும் இளம் இலையையும் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். தெனெரூமி என்று பெயர். கோடை காலத்தில் அந்தக் கொழுந்தை அவித்து, தக்காளி போட்டு, ஸ்பகெட்டியை முறித்துப் போட்டு ரசம் போல நீர்ப்பதமாகக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். எங்கட வீட்டில் சுரைக்காயை எடுத்துக்கொண்டு கொடியை மாட்டுக்குப் போடுவோம்!

தெருவோரத்தில் கடலைமாவைக் கூழாகக் கிண்டி, ஆறவிட்டுத் துண்டாக்கி, எண்ணெயில் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தருகிறார்கள். அது பனெல்லே. எங்கட பஜ்ஜிக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கோ.

ஆகஸ்ட் வெயிலில் தக்காளியை மசித்து, உப்பிட்டு, பலகைகளில் பரப்பிக் காயவைக்கும் வழக்கமும் அந்தத் தீவில் உண்டு. நாங்கள் வேப்பம்பூ வடகம் காயவைப்பது போலத்தான். நாள் முழுக்கக் கிளறிக் கிளறி விட்டால் கடைசியில் கருஞ்சிவப்பாக ஒரு களி மிஞ்சும். ஸ்த்ராத்து என்பார்கள். ஒரு தேக்கரண்டி போட்டால் போதும், சட்டி முழுக்க மணக்கும்.

மூன்று பேர், மூன்று இடம்

சந்தை இவ்வளவு வடிவாக இருந்தும் தங்கச்சி வீட்டு இரவுச் சாப்பாட்டைப் பார்க்க எனக்கு மனம் கஷ்டமாக இருந்தது.

அவள் ஒரு வயதான அம்மாவைப் பராமரிக்கும் வேலைக்குப் போகிறாள். வீட்டுக்கு வர மாலை ஏழரை. வந்த களைப்போடு இரண்டு அடுப்பை மூட்டுவாள். ஒன்றில் கணவருக்குச் சோறும் கறியும். மற்றதில் மகனுக்குப் பாஸ்தா, வெண்ணெயும் சீஸும் மட்டும் போட்டு. பெறாமகனுக்கு வயது பன்னிரண்டு. அங்கேயே பிறந்தவன். சோறு என்றால் முகத்தைத் திருப்புவான்.

கணவர் விடியற்காலை நாலரைக்குக் கந்தோர்கள் துப்புரவாக்கும் வேலைக்குப் போக வேண்டும். அதனால் எட்டு மணிக்கே சாப்பிட்டுப் படுத்துவிடுவார். மகன் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் போய்விடுவான். தங்கச்சி அடுப்படியில் நின்றபடியே மிச்சத்தை வாயில் போடுவாள். மூன்று பேர், மூன்று இடம், மூன்று நேரம்.

இதில் இரண்டு விஷயம் எனக்கு உறுத்தியது. கணவருக்குச் சீனி வருத்தம். சோற்றைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் சொல்லியிருந்தும் தட்டில் மலை போலத்தான் சோறு. இரண்டாவது, பெடியனின் தமிழ். "சாப்பிட்டியோ?" என்று தகப்பன் தமிழில் கேட்பார். அவன் இத்தாலியத்தில் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவான். ஒரே வீட்டில் இருக்கும் தகப்பனும் மகனும் ஒரு நாளைக்குப் பத்து வசனம் பேசினால் பெரிய காரியம்.

"ஏன் பிள்ளை, ஒரு சமையலாகச் செய்து எல்லாரும் ஒண்டாய் இருந்து சாப்பிட்டால் என்ன?" என்று கேட்டேன்.

"அக்கா, நான் என்ன சமைச்சாலும் ஒராளுக்குப் பிடிக்கும், மற்றாளுக்குப் பிடிக்காது. வேலையால வந்து சண்டை பிடிக்க எனக்கு ஏலாது," என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

நொன்னாவின் குசினி

ஒரு வியாழக்கிழமை அவளோடு வேலை வீட்டுக்குப் போனேன். அவள் பார்க்கும் அம்மாவுக்கு எண்பது கடந்துவிட்டது. எல்லோரும் அவரை நொன்னா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதாவது பாட்டி. முழங்கால் ஏலாது, ஆனால் கதிரையில் இருந்தபடியே குசினி முழுவதையும் ஆட்டிவைப்பார். எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என் பாஷை தெரியாது. தங்கச்சி இடையில் நின்று பெயர்த்தாள்.

"கோழி பாஸ்தா செய்யக் காட்டுவீங்களோ?" என்று கேட்கச் சொன்னேன். நொன்னா சிரித்த சிரிப்பு! "பாஸ்தாவுக்குள் கோழியோ? அது அமெரிக்கா போனவர்கள் செய்வது," என்றார்.

விஷயம் இதுதான். இத்தாலிய வீடுகளில் சாப்பாடு படிப்படியாக வரும். முதலில் ப்ரீமோ, அதாவது முதற்சாப்பாடு. பாஸ்தாவோ சூப்போ அந்த இடத்தில் வரும். அதை முடித்துத் தட்டை எடுத்த பிறகுதான் செகோந்தோ. இறைச்சி, மீன், முட்டை இவை இரண்டாவதாக வரும், கூடவே கீரை அல்லது சலாது. கோழி இரண்டாவது தட்டுக்குரியது. அதைக் கொண்டுவந்து முதல் தட்டில் கொட்டுவது அவர்களுக்கு, நாங்கள் பாயசத்துக்குள் வடையைப் போடுவது மாதிரி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இருந்து சிசிலியிலும் தென் இத்தாலியிலும் இருந்து இலட்சக்கணக்கானோர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். ஊரில் எப்போதாவது கண்ட இறைச்சி அங்கே தாராளமாகக் கிடைத்தது. இரண்டு தட்டு ஒன்றாகியது. ஆல்ஃப்ரெடோ என்ற பெயரில் கோழியும் கிறீமும் போட்ட பாஸ்தா வருகிறதே, அதுவும் அப்படித்தான். ரோமில் உணவுச்சாலை நடத்திய ஆல்ஃப்ரெடோ டி லெலியோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்தது வெண்ணெயும் பார்மிசான் சீஸும் மட்டும் போட்ட பாஸ்தா. கோழியும் கிறீமும் அமெரிக்காவில் போய்ச் சேர்ந்தவை.

இதற்கு விலக்கும் உண்டு. பலேர்மோக்காரரான லம்பெதூசா எழுதி, அவர் இறந்த மறு ஆண்டு 1958இல் வெளிவந்த 'இல் கத்தோபார்தோ' என்ற புகழ்பெற்ற நாவலில் ஒரு விருந்து வருகிறது. மாக்கறோனிக்குள் கோழியும் கோழி ஈரலும் முட்டையும் வைத்து, மேலே மாவால் மூடி வேகவைத்த தீம்பாலோ. "அது பிரபுக்கள் வீட்டுச் சாப்பாடு. அவர்களுக்குச் சமையற்காரர் இருந்தார்கள். எனக்கு ஆறு பிள்ளைகளும் ஒரு சட்டியும்தான் இருந்தன," என்றார் நொன்னா.

அந்த ஒரு சட்டியில்தான் அவர் வித்தை இருந்தது. கோழியைத் தக்காளிக் குழம்பில் வேகவைப்பார். குழம்பு பாஸ்தாவுக்கு, கோழி இரண்டாவது தட்டுக்கு. ஒரே சமையல், இரண்டு பரிமாறல். கோழி கொஞ்சமாக இருந்தாலும் குழம்பில் அதன் ருசி முழுக்க இறங்கிவிடும். பாஸ்தாவால் பாதி வயிறு நிறைந்த பிறகு ஆளுக்கு ஒரு துண்டு இறைச்சி தாராளம். கஷ்டப்பட்ட வீட்டின் கெட்டித்தனம் அது.

செய்முறை

நான்கு பேருக்கு நொன்னா சொன்ன அளவுகள், என் கைக்கணக்கோடு சேர்த்து:

எலும்போடு கோழி 1 கிலோ, தோல் நீக்கி எட்டுத் துண்டாக. வெங்காயம் 1, கரட் 1, செலரித் தண்டு 1, உள்ளி 2 பல். ஒலிவ் எண்ணெய் 3 மேசைக்கரண்டி. மசித்து வடித்த தக்காளி 700 கிராம், அதாவது ஒரு போத்தல். தக்காளிக் களி 1 மேசைக்கரண்டி. செத்தல் மிளகாய் 1, ரோஸ்மேரி ஒரு சிறு கொப்பு, உப்பு. பாஸ்தா 320 கிராம்.

கோழியைக் குழாய்க்குக் கீழே பிடித்துக் கழுவ வேண்டாம். தண்ணீர் தெறித்துக் கிருமி பாத்திரங்களில் எல்லாம் படும் என்று இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஈரத்தைக் கடதாசியால் ஒற்றி எடுத்து உப்புப் பிரட்டுங்கோ. பிறகு கையையும் பலகையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கோ.

அடி கனத்த அகலச் சட்டியில் எண்ணெய் விட்டு, கோழித் துண்டுகளை இரண்டு பக்கமும் பொன்னிறமாக வரும்வரை பத்து நிமிடம் வாட்டி எடுத்து வையுங்கோ. நெருக்கி அடுக்கினால் கோழி வாடாது, நீர் விட்டு அவியத் தொடங்கிவிடும். இரண்டு தடவையாகப் போடுவது நல்லது.

அதே எண்ணெயில் பொடியாக வெட்டிய வெங்காயம், கரட், செலரி மூன்றையும் மெல்லிய நெருப்பில் வதக்குங்கோ. இதற்குச் சொஃப்ரித்தோ என்று பெயர். எங்கட தாளிதத்துக்குச் சமானம், ஆனால் அவசரப்படக் கூடாது. ஏழெட்டு நிமிடம் கழித்து உள்ளி, மிளகாய். பிறகு தக்காளிக் களியைப் போட்டு ஒரு நிமிடம் பிரட்டுங்கோ. நொன்னா இந்த இடத்தில் அரைக் குவளை வெள்ளை வைன் விடுவார். எங்கட வீட்டில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரியும் கொஞ்சத் தண்ணீரும் விட்டோம், குறை தெரியவில்லை.

இப்போது தக்காளி, ரோஸ்மேரி, கோழி மூன்றையும் போட்டு, போத்தலைக் கழுவிய தண்ணீர் அரைக் குவளை விட்டு, அரைவாசி மூடி மெல்லிய நெருப்பில் நாற்பது நிமிடம் விடுங்கோ. எலும்பு ஓரம் குத்தினால் இரத்தநிறம் இல்லாமல் தெளிந்த நீர் வர வேண்டும். அதுவரை நீங்கள் குளிக்கலாம், பிள்ளையின் கொப்பியைப் பார்க்கலாம். கை வைத்துச் செய்யும் வேலை அரை மணித்தியாலம்தான்.

கடைசிப் பதினைந்து நிமிடத்துக்குப் பாஸ்தா. இதற்கு ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது: 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லீற்றர் தண்ணீர், 10 கிராம் உப்பு. இரத்த அழுத்தம் உள்ள வீட்டில் உப்பைப் பாதியாக்குங்கோ. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் போட வேண்டும். பைக்கற்றில் போட்ட நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே இறக்க வேண்டும். கடித்தால் நடுவில் சற்று விறைப்புத் தெரியும். அல் தெந்தே என்பது அதுதான், பல்லுக்குப் படும் பதம். வடிக்கும்போது ஒரு குவளைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கோ.

கோழியைக் குழம்பில் இருந்து எடுத்து மூடி வையுங்கோ. கோழி பிரட்ட மட்டும் ஒரு அகப்பைக் குழம்பை ஒதுக்கிவிட்டு, மிச்சக் குழம்புக்குள் பாஸ்தாவைக் கொட்டி, பிடித்த தண்ணீரில் கொஞ்சம் விட்டு, அடுப்பிலேயே ஒரு நிமிடம் பிரட்டுங்கோ. தண்ணீரில் இருக்கும் மா குழம்பைப் பாஸ்தாவோடு ஒட்ட வைக்கும். சீஸ் துருவிப் போடலாம். வசதி இல்லாத காலத்தில் சீஸுக்குப் பதிலாகப் பாண்தூளைச் சொட்டு எண்ணெயில் வறுத்துத் தூவுவார்களாம். எனக்கு அதுதான் கூடப் பிடித்தது.

மேசையில் நடந்தது

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை எங்களுக்கு மரக்கறி. சனிக்கிழமை இரவு தங்கச்சி வீட்டில் செய்தோம். மேசையில் நாலு தட்டு வைத்தேன். தொலைக்காட்சியை நிற்பாட்டியதும் நான்தான்.

தங்கச்சியின் கணவர் பாஸ்தாவைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது சோறு போல வருமே?" என்றார்.

"சாப்பிட்டுப் பாருங்கோ தம்பி. கோழி பின்னால வருது," என்றேன்.

ஆளுக்கு 80 கிராம், தராசில் நிறுத்துப் போட்டது. இத்தாலிய வீடுகளில் ஒருவருக்குப் போடுகிற வழக்கமான அளவு அதுதான். அல் தெந்தேயாக அவித்த பாஸ்தா, வெள்ளைப் பாணைவிட மெதுவாகச் சமிபாடடையும், இரத்தத்தில் சீனியும் மெதுவாக ஏறும். குழைய அவித்தால் அந்த நன்மை குறையும். அளவு மீறினால் அதுவும் மாச்சத்துத்தான், ஆகவே தராசு முக்கியம்.

பாஸ்தா முடிந்தது. பெடியன் எழும்பப் பார்த்தான். "இரு மகன், இன்னும் கோழி இருக்கு," என்றாள் தாய். கோழியைச் சூடாக்கிக் கீரையோடு கொண்டுவரப் பத்து நிமிடம் எடுத்தது. இந்தப் பத்து நிமிடம்தான் நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணம்.

சும்மா இருக்க ஏலாமல் பெடியன் வாயைத் திறந்தான். "பெரியம்மா, பாஸ்தா சீனாவில இருந்து வந்தது எண்டு நினைக்கிறீங்களோ?" என்றான். மார்க்கோ போலோ கொண்டுவந்ததாக நானும் எங்கோ கேட்டிருந்தேன்.

"இல்லை!" என்றான். பள்ளிக்கூடத்தில் படித்ததாம். பலேர்மோவில் இருந்து முப்பது கிலோமீற்றர் அளவில் த்ராபியா என்றொரு ஊர். சிசிலியை ஆண்ட அரசன் இரண்டாம் ரொஜருக்காக அல் இத்ரிஸி என்ற அரபு அறிஞர் 1154இல் ஒரு பூகோள நூல் எழுதி முடித்தார். த்ராபியாவில் தண்ணீரால் ஓடும் ஆலைகள் இருப்பதாகவும், அங்கே இத்ரிய்யா என்ற காய்ந்த மாவு இழைகள் செய்து கப்பல் கப்பலாக வெளிநாடுகளுக்கு அனுப்புவதாகவும் அதில் எழுதியிருக்கிறார். மார்க்கோ போலோ வெனிசுக்குத் திரும்பி வந்தது 1295இல். நூற்று நாற்பது வருஷம் பிந்தி!

தமிழில் பாதி, இத்தாலியத்தில் பாதி, கையால் கொஞ்சம் என்று அவன் சொல்லி முடித்தான். இடையில் "ஆலை" என்ற சொல் வரவில்லை. தகப்பன்தான் எடுத்துக் கொடுத்தார்.

"அப்ப அந்த இத்ரிய்யா எங்கட இடியப்பம் மாதிரியோ?" என்று கேட்டார் அவர்.

"அப்பா, அது காய வைக்கிறது. ரவையில செய்யிறது."

"எங்கட அம்மா அரிசிமாவில பிழிஞ்சு, தட்டில அவிப்பா. உனக்குத் தெரியுமோ?"

"எப்படிப் பிழியிறது?" என்று அவன் கேட்டான். தகப்பன் இரண்டு கையையும் சேர்த்து உரலை அமர்த்துவது போலச் செய்து காட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து பிழிந்து கொடுத்த கதை, ஊரில் உரல் உடைந்த கதை எல்லாம் வந்தது. கோழி வந்தபோது இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தங்கச்சி என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. "அக்கா, நீங்களும் இருங்கோ," என்று சொல்லி அவளும் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தாள். அவள் உட்கார்ந்து சாப்பிட்டதை அந்த வீட்டில் அன்றைக்குத்தான் முதன்முதல் கண்டேன்.

இத்தாலியில் ஒரு பழமொழி உண்டு: மேசையில் இருக்கும் நேரத்துக்கு வயது ஏறாது என்று. நொன்னா அடிக்கடி சொல்வார். சாப்பாட்டை இரண்டாகப் பிரித்து வைத்ததன் பலன் அதுதான் என்று எனக்குப் பட்டது. எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டுக் கொடுத்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். இரண்டாவது தட்டு வரும் என்றால் இருந்துதான் ஆக வேண்டும். இருந்தால் பேச்சு வரும்.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அவர் ஞாயிற்றுக்கிழமை சோறுதான் வேண்டும் என்று நின்றார், அதுவும் நியாயமே. பெடியன் சில நாள் முகத்தை நீட்டினான். ஆனால் நான் திரும்புவதற்குள் கிழமையில் மூன்று நாள் ஒரு சட்டிச் சமையல் என்று ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. ஒரு நாள் கோழி, ஒரு நாள் மீன், ஒரு நாள் பயறு. மற்ற நாட்களில் சோறும் கறியும், அளவாக. சோறு போட்ட நாட்களிலும் மேசையில்தான்.

எங்கட குசினிக்கு ஏற்றபடி

இங்கே மானிப்பாயில் வந்து இதை நாலைந்து தடவை செய்துவிட்டேன். சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

பாஸ்தா பைக்கற்றை வாங்கும்போது டூரம் கோதுமை ரவையில் செய்தது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கோ. சாதாரண கோதுமை மாவில் செய்தது சீக்கிரம் குழைந்துவிடும். ஸ்பகெட்டியைவிட, குழாய் போன்ற குட்டை வகை இந்தக் குழம்புக்கு நல்லது. குழம்பு ஓட்டைக்குள் புகுந்துகொள்ளும்.

போத்தல் தக்காளிக்குப் பதிலாக நன்றாகப் பழுத்த தக்காளி 1 கிலோ எடுத்து, கொதிநீரில் போட்டுத் தோல் உரித்து மசியுங்கோ. எங்கட தக்காளியில் நீர் அதிகம், ஆகவே கோழி போட முன்னர் பத்து நிமிடம் வற்ற விடுங்கோ. புளிப்புக் கூடினால் இன்னொரு கரட்டைத் துருவிப் போடுங்கோ, சீனி தேவைப்படாது.

ரோஸ்மேரி கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கோ. கறிவேப்பிலையைப் போட்டால் அது நல்ல கறியாக வரும், ஆனால் வேறு சாப்பாடு. ஒலிவ் எண்ணெய் விலை கூட என்றால், மணமில்லாத வேறு சமையல் எண்ணெய் போதும். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் இதற்குப் பொருந்தாது.

உறைப்புப் பிரியர்களுக்குச் செத்தல் மிளகாயை இரண்டாக்குங்கோ. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தக்காளியும் மிளகாயும் இரண்டுமே கொலம்பஸுக்குப் பிறகு அமெரிக்கக் கண்டத்தில் இருந்து கடல் தாண்டி வந்தவை. இத்தாலியின் சமையல் நூல்களில் தக்காளிக் குழம்பு எட்டிப் பார்ப்பதே 1690களில்தான். எங்கட ஊருக்கும் அவர்கள் ஊருக்கும் இவை இரண்டும் வந்த விருந்தாளிகள்.

மிஞ்சிய கோழிக் குழம்பை ஆறியதும் குளிர்ப்பெட்டியில் வைத்தால் அடுத்த நாள் பாணுக்குத் தொட்டுக்கொள்ளலாம். பாஸ்தாவை மட்டும் மிச்சம் வைக்காதீர்கள், ஊறிப் பொங்கிவிடும்.

முக்கியமான குறிப்பைக் கடைசியாகச் சொல்கிறேன். பாஸ்தாவையும் கோழியையும் ஒன்றாகக் கொட்டிப் பரிமாற உங்களுக்கு ஆசை வரும். பாத்திரம் கழுவுவது மிச்சம் என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள். ஒடியற் கூழ் காய்ச்சிய நாளில் எங்கட வீடுகளில் யாரும் தனியே போய்க் குடிப்பதில்லை. பிலாவிலையைக் கோலிக்கொண்டு சட்டியைச் சுற்றி இருப்போம். ஒவ்வொரு அகப்பையாக வரும்வரை காத்திருப்போம், அதற்குள் எத்தனை கதை! நொன்னாவின் சட்டியும் அதே வேலையைத்தான் செய்கிறது. முதல் தட்டைக் கொடுங்கோ. இரண்டாவதைப் பத்து நிமிடம் பிந்திக் கொடுங்கோ. அந்தப் பத்து நிமிடத்துக்குத் தொலைக்காட்சியை மட்டும் நிற்பாட்டி வையுங்கோ.